விக்கல் எடுத்த கண்ணாடி

உப்போடையில் ஒரு கல்யாணத்தைப் பற்றியோ புயலைப் பற்றியோ பேச்சு வந்தால், "டம்ளருக்கு விக்கல் எடுத்துச்சே, அதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுத்தான் காலத்தை நிதானிப்பார்கள். வெளியூர்க்காரன் எவனாவது, "என்னது, டம்ளருக்கு விக்கலா?" என்று வாயைப் பிளந்தால், அவனை ஏற இறங்கப் பார்த்து, "பின்னே, தட்டுக்கா எடுக்கும்?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஊரே ஒத்துக்கொண்ட விஷயத்தை நாம் மட்டும் சந்தேகப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஐஸ் கம்பெனித் தெருவில் ஐஸ் கம்பெனி மூடி வெகுகாலம். விசைப்படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் அறுத்துக் கொடுத்த அந்தத் தகரக் கொட்டகையில்தான் ஜெபக்கனி உலை போட்டிருந்தாள். வடக்கே போய்க் கண்ணாடி வடிவமைப்பு படித்து, அங்கேயே நல்ல வேலையிலும் இருந்துவிட்டு, ஒருநாள் ஊதுகுழாய்களையும் இடுக்கிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரிலேயே வந்து இறங்கியவள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. கோபம் வந்தால் பேச்சோடு சேர்ந்து அந்தச் சந்து வழியாகக் காற்றும் வரும், அந்தக் காற்றை வைத்தே தெரு அவளுடைய கோபத்தை அளந்துகொள்ளும். பழைய பாட்டில் உடைசலை உருக்கி, மூன்று வாய் வைத்த ஜாடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குகிற கிண்ணம், தரையில் சிந்திய தண்ணீர் மாதிரிக் கிடக்கிற விளக்கு என்று என்னென்னவோ செய்வாள். தெருவும் வந்து பார்த்துவிட்டு, பரீட்சை ஹாலில் நிற்பது மாதிரி மரியாதையாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். எதிர்வீட்டில் இடியாப்பக் கடை வைத்திருக்கிற புளோரா அக்கா மட்டும்தான் வாய்விட்டுக் கேட்பாள்.

"ஏட்டி ஜெபம், மூணு வாயில எந்த வாயில தண்ணி ஊத்தணும்?"

"எதுலயும் ஊத்தாண்டாம்க்கா. சும்மா பாத்தா போதும்."

"சும்மா பாக்கதுக்கா இந்தப் புழுக்கத்துல கெடந்து வேகுத?"

கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. உருகினதைக் குழாய் நுனியில் தேன் மாதிரி சுற்றி எடுத்துவிட்டால் அதன்பிறகு குழாயைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதும்போதும் சுற்ற வேண்டும், சூடு காட்டும்போதும் சுற்ற வேண்டும், மூக்கு அரித்தாலும் சுற்ற வேண்டும், மாமியார் வந்து வாசலில் நின்றாலும் சுற்ற வேண்டும். கை ஒரு நொடி நின்றால் ஒரு பக்கமாகத் தொங்கிப் போகும், தொங்கினது தொங்கினதுதான். கையடக்கமான சாமானை ஒருத்தியே ஊதிச் சுற்றிச் சமாளித்துவிடலாம். பெரிய சாமான் என்றால் ஒருத்தி சுற்ற வேண்டும், இன்னொருத்தி ஊத வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு ஓட வேண்டும். ஜெபக்கனிக்கு அந்த இன்னொருத்தி அவள் தங்கை சுகிர்தா.

அக்காவும் தங்கையும் சேர்ந்து இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு குமிழி ஊத நினைத்தார்கள். பூ வேலை கிடையாது, வாய் கிடையாது, கைப்பிடி கிடையாது; இரண்டு பேர் மூச்சு நிற்கிற ஒரு இடம், அவ்வளவுதான். ஜெபக்கனியின் தலையில் அந்தக் குமிழி படிக்கிற காலத்திலிருந்தே மிதந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் பழகி, கடைசியில் ஒருநாள் அது நினைத்த மாதிரியே பெருத்து, செக்கச்செவேலென்று நின்று, இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் முடிந்தது என்கிற நேரத்தில் லேசாக ஒரு பக்கம் தொங்கியது. தொங்கினது குழாயை விட்டே கழன்று தரையில் விழுந்து தூள் தூளாகப் போனது. "நிறுத்தினது நீதான்" என்றாள் அக்கா. "நீதான்" என்றாள் தங்கை. அன்றைக்குச் சாயங்காலமே சுகிர்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழல் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி. இனிமேல் அவள் பேர் என் நாக்கில் ஏறாது என்று ஜெபக்கனி புளோரா அக்காவின் கடை வாசலில் வைத்துச் சத்தியம் பண்ணினாள். அதற்கப்புறம் அவள் கையிலிருந்து டம்ளரும் கிண்ணமும்தான் வந்தன. ஒருத்தியால் அவ்வளவுதான் முடியும்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில், ஒரு காலை நேரம் புளோரா அக்காவின் கடையில் புட்டை அவசரமாக விழுங்கிவிட்டு வந்து ஜெபக்கனி குழாயை எடுத்தாள். குழாயில் ஒரு ஊது ஊதி, உடனே பெருவிரலால் அதன் வாயை அடைத்தால், உள்ளே மாட்டிக்கொண்ட மூச்சு சூட்டில் தானே விரிந்து கண்ணாடியைக் குமிழியாக்கும்; அது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு ஊதப் போன நேரம் பார்த்து அவளுக்கு விக்கல் வந்தது. மூச்சு போக வேண்டிய இடத்துக்கு விக்கல் போய்விட்டது. விரல் பழக்கத்தில் டக்கென்று அடைத்துவிட்டது. போனால் போகிறது என்று அதையே டம்ளராக்கி, ஆற வைக்கிற பெட்டிக்குள் வைத்து மூடினாள். மறுநாள் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"விக்" என்றது டம்ளர்.

ஜெபக்கனி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது, விளிம்பு சரியாக இருந்தது, நிறம் கடல் நீலம், குறை ஒன்றும் இல்லை. "விக்" என்றது மறுபடியும். இது கழிசல் என்று முடிவுகட்டி, கழிசலை என்ன செய்வார்களோ அதைச் செய்தாள்: தட்டி உடைத்து உலைக்குள்ளே போட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், உடைசல் வீணாகாது. ஆனால் உப்புக் கூடிப்போன மீன் துண்டை எவளாவது குழம்புக்குள்ளேயே திரும்பப் போடுவாளா? உலையில் இருந்த அத்தனை கண்ணாடிக்கும் விக்கல் கலந்துவிட்டது. உலையோ அணையக் கூடாதது. தீரத் தீர மேலே உடைசலைப் போட்டு உருக்கிக்கொண்டே இருப்பது. பாலுக்கு உறை குத்தினது மாதிரி, பழைய விக்கல் புதுக் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து எடுத்த ஒவ்வொரு டம்ளரும் விக்கியது. முதலில் எடுத்ததை ஜெபக்கனி தனக்கென்று ஜன்னலில் வைத்துக்கொண்டாள். மற்றது வழக்கம்போலத் தெருவுக்குப் போனது.

தெரு இதற்காக அலட்டிக்கொள்ளவே இல்லை. விக்கல் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத ஜனமா? முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். டம்ளர் நிறைய ஊற்றினால் "க்ளுக்" என்று விக்கி மேலெல்லாம் தெளித்தது. அரை ஸ்பூன் சீனி போட்டுப் பார்த்தார்கள். பயங்காட்டினால் நிற்கும் என்று யாரோ சொல்ல, ஹார்டுவேர் கடை செல்லப்பாண்டி அண்ணாச்சி சுத்தியலை ஓங்கி, "ஒரே போடு போட்டுருவேன், பாத்துக்கோ!" என்று கத்தினார், தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியதே தவிர டம்ளர் அசரவில்லை. கடைசியில் புளோரா அக்காதான் தலையில் தட்டிக்கொண்டாள்.

"கூறுகெட்டதுகளா, யாரோ நெனைக்காவல்லா! அதான் விக்குது. பேரைச் சொல்லிப் பாருங்க, நெனைக்கவங்க பேரு வந்தா தானா நிக்கும்."

அவளே தன் டம்ளர் முன்னால் உட்கார்ந்து, அத்தை பேரைச் சொன்னாள், நாத்தனார் பேரைச் சொன்னாள், பேங்க் மேனேஜர் பேரைக்கூடச் சொன்னாள். கப்பலில் வேலை பார்க்கிற மகன் பேரைச் சொன்னதும் டம்ளர் கப்பென்று நின்றது. புளோரா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள அங்கன எந்தக் கடல்ல கெடக்கோ, இந்நேரம் என்னை நெனைக்கான்" என்று சொல்லிவிட்டு, அந்த சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு இடியாப்பம் கூடுதலாக வைத்தாள். அதோடு ஆரம்பித்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் ஐஸ் கம்பெனி டம்ளர் வாங்கினார்கள், காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு "விக், விக்" என்கிற சத்தமும், "பெரியம்மையா? சின்ன மாமாவா? எதுத்த வீட்டு டீச்சரா?" என்கிற ஏலமும் கேட்கும்.

சட்டங்களும் தானாகவே முளைத்தன. ரேஷன் கார்டில் இருக்கிற பேர் செல்லாது, வாயால் கூப்பிடுகிற பேர்தான் செல்லும் என்பதைக் கண்டுபிடித்தது செல்லப்பாண்டி அண்ணாச்சியின் டம்ளர். அவர் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒருநாள் கடையில் கூட்டமாக இருக்கும்போது அவருடைய டம்ளருக்கு விக்கல் எடுத்தது. அவர் தம்பி பேரைச் சொன்னார், ஆடிட்டர் பேரைச் சொன்னார், சிமெண்டு ஏஜெண்டு பேரைச் சொன்னார். தாய் வீட்டுக்குப் போயிருந்த மனைவியின் பேரை, கொஞ்சம் தயங்கி, "கோமதி" என்று சொன்னார். டம்ளர் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, மதினியை வீட்டுல எப்படிக் கூப்புடுவிய?" என்று கேட்டாள் புளோரா அக்கா.

"கோமதின்னுதான்."

"விக்" என்றது டம்ளர்.

"நீங்க பொய் சொல்லுதியன்னு அதுக்கே தெரியுது பாருங்க."

அண்ணாச்சி பெயிண்டு டின்னைப் பார்த்தார், கம்பிவலைச் சுருளைப் பார்த்தார், பிறகு யாருமில்லாத மூலையைப் பார்த்து, கால் கிலோ ஆணி நிறுக்கிற குரலில், "கருப்பட்டி" என்றார். டம்ளர் நின்றது. கடையே நின்றது. அதிலிருந்து அந்தக் கடைக்குக் கருப்பட்டி ஹார்டுவேர்ஸ் என்றே பேராகிவிட்டது. விஷயம் காதில் விழுந்ததும் கோமதி அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள், அதற்கப்புறம் வெகுநாளைக்குத் தாய் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

கவுன்சிலர் ஞானதுரை நிலைமைதான் பாவம். ஜனங்கள் தன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகவே ஒரு டம்ளர் வாங்கி, மாலை போட்டு, ஆபீஸ் மேஜைமேல் வைத்தார். அது ஊமையாக உட்கார்ந்திருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வார்டு ஜனங்களை உட்கார வைத்து, "கொஞ்ச நேரம் கண்ணை மூடி என்னை நெனைங்க, முடிஞ்சதும் பிரியாணி" என்றார். எல்லோரும் பக்தியாகக் கண்ணை மூடினார்கள். டம்ளர் மூச்சே விடவில்லை. பந்தலுக்குப் பின்னால் அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்த சமையல்காரர் தண்ணீர் குடிக்க வைத்திருந்த டம்ளர்தான் விழுந்து விழுந்து விக்கியது. கோயிலிலும் ஒரு சங்கடம் வந்தது. கடவுள் நம்மை ஒவ்வொரு நொடியும் நினைக்கிறார் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் பண்ண, பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, "அப்போ டம்ளர் ஏன் சாமி நடுநடுவுல நிக்குது?" என்று கேட்டுவிட்டார். சாமியார் கொஞ்சம் யோசித்து, "அவர் நெனைக்கதுக்கு விக்கல் வராது, தும்மல்தான் வரும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

எல்லார் வீட்டு டம்ளரும் விக்கும், நிற்கும். ஜன்னலில் இருந்த ஜெபக்கனியின் டம்ளர் மட்டும் நிற்கவே இல்லை. உலை வேலை செய்யும்போதும் விக்கியது, சோறு தின்னும்போதும் விக்கியது, குளித்துவிட்டு வந்தாலும் விக்கிக்கொண்டிருந்தது. தெருவுக்கு மனசு கேட்கவில்லை. ஆளாளுக்கு வந்து உட்கார்ந்து பேர் சொல்லிக் கொடுத்தார்கள். படிக்கிற காலத்து வாத்தியார்கள், கூடப் படித்தவர்கள், ஒருகாலத்தில் அவளைப் பெண் கேட்டு வந்து இப்போது மதுரையில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிற ஒருத்தர், எல்லாப் பேரையும் ஜெபக்கனி வரிசையாகச் சொன்னாள். ஒரே ஒரு பேரைத் தவிர. அந்தப் பேர் எது என்று தெருவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சொன்னால் பல் சந்து வழியாகக் காற்று வருமே!

உள்ளுக்குள் அவளுக்கு அந்த விக்கல் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. பகலெல்லாம் "சனியன், சனியன்" என்று திட்டுவாள். ஆனால் கொஞ்ச நேரம் அது சத்தம் போடாவிட்டால் குழாயைச் சுற்றிக்கொண்டே கழுத்தை எக்கி ஜன்னலைப் பார்ப்பாள். "விக்" என்று கேட்டதும், கெடக்கட்டும், அங்கன ஒருத்தி என்னை நெனச்சு நெனச்சுச் சாகுதா என்று ஒரு கொழுப்பான சந்தோஷம் நெஞ்சில் ஏறும். பேரைச் சொல்லி நிறுத்துவானேன்? தப்புப் பண்ணினவள் நினைக்கட்டும்.

இந்த டம்ளர் சமாசாரம் சென்னை வரைக்கும் போய், ரகோத்தமன் என்கிற கண்காட்சிக்காரர் கார் போட்டு வந்து இறங்கினார். கசங்கின சட்டையை நல்ல விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்து, "பேட்டரி எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்றார். இல்லை என்றதும் கண் கலங்கி, இது காற்றின் ஞாபகம், இது உடலற்ற உடல் என்று என்னவெல்லாமோ சொன்னார். அவர் கையில் இருந்த டம்ளர் விக்க ஆரம்பித்தது. தெரு சும்மா இருக்குமா, சுற்றி நின்றுகொண்டு பேர் சொல்லச் சொன்னது. பெரிய பெரிய ஓவியர்கள் பேரெல்லாம் சொன்னார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் புளோரா அக்கா தெருவை எட்டிப் பார்த்து, "ஏன்யா, வெயில்ல காருக்குள்ள ஒரு மனுசன் காலையில இருந்து பச்சத்தண்ணி இல்லாம இருக்கானே, அவன் பேரு என்ன?" என்று கேட்டாள். "டிரைவரா? ஏகாம்பரம்" என்றார். டம்ளர் நின்றது. ஏகாம்பரத்துக்கு உடனே இடியாப்பம் போனது.

போகும்போது ரகோத்தமன் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தப் பெரிய குமிழி. "இதுதான் வேணும். டம்ளரெல்லாம் அப்புறம். இதை எப்போ செய்வீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்றாள் ஜெபக்கனி. "ஆள் இல்ல."

சொல்லி முடிக்கவில்லை, ஜன்னலில் இருந்த டம்ளர் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஒரு விக்கு விக்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விளிம்பில் முடி மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது.

கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது சும்மா இருக்காது, இறங்கிக்கொண்டே போகும், அடியைத் தொட்டால் டம்ளர் இரண்டாகப் பிளக்கும் என்பது ஜெபக்கனிக்குத் தெரியாததல்ல. மறுநாள் காலையில் பார்க்கும்போது கீறல் பாதி டம்ளர் இறங்கியிருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செய்தி பரவி, இடியாப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு கொட்டகைக்குள் வந்துவிட்டார்கள். கருப்பட்டி அண்ணாச்சி கடையைத் திறக்காமலே வந்து நின்றார், பக்கத்தில் கோமதி.

"விக்கல் நிக்காமலே டம்ளர் ஒடஞ்சா, நெனைக்கவங்களுக்கு அந்த நெனப்பு அத்துப் போயிரும்னு சொல்லுவாவ" என்றாள் புளோரா அக்கா. யார் சொல்லுவார்கள்? ஒருத்தரும் சொன்னதில்லை. அந்த நிமிஷம் அவளாக எடுத்துவிட்டதுதான் அது.

"சும்மா இருக்கா. பெட்டியில சரியா ஆறல, அதான் கீறிருக்கு. மூடநம்பிக்கையெல்லாம் என்கிட்ட பேசாத" என்றாள் ஜெபக்கனி. ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. அந்தச் சத்தம் இல்லாத ஜன்னலை நினைத்துப் பார்த்தாள். சத்தியமாவது ஒன்றாவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, டம்ளருக்கு முன்னால் குனிந்து, "சுகிர்தா" என்றாள்.

"விக்" என்றது டம்ளர். கீறல் இன்னொரு நெல் நீளம் இறங்கியது.

ஜெபக்கனியின் முகம் உலையை விடச் சிவந்தது. இத்தனை நாளும் ஒருத்தி தன்னை நினைத்து உருகுகிறாள் என்று கொழுத்துக்கொண்டிருந்தாளே, அவள் நினைக்கவே இல்லையா? விக்கினது வேறே எவனுக்கோவா?

"கூப்புடுத பேரைச் சொல்லுட்டி!" என்று புளோரா அக்காவும், "கூப்பிடற பேரு!" என்று கோமதியும், "ரேஷன் கார்டு பேரு செல்லாதும்மா!" என்று அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் காதில் எதுவுமே விழவில்லை. பல் சந்து வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள். என்றைக்கோ அழித்துப்போட்ட நம்பரை விரல் தானாகவே அடித்தது.

"ஹலோ" என்றது பெங்களூர்.

"நன்றி கெட்டவளே! ஒரு நாளாவது, ஒரு நிமிசமாவது நீ என்னை நெனச்சியாட்டி?"

"யாரு? அன்னைக்கு நிறுத்தினவளா பேசுதது?" என்று கேட்டது அந்தப் பக்கம்.

"நிறுத்தினது நானா? நானா நிறுத்தினேன்?"

"விக்" என்றது ஜன்னலில் டம்ளர். "விக்" என்று போனுக்குள்ளிருந்து இன்னொரு சத்தமும் கேட்டது; கோபத்தில் ஜெபக்கனி அதைப் பொருட்படுத்தவில்லை. புளோரா அக்கா கவனித்தாள், கவனித்துவிட்டு அவசரமாக, இடியாப்பத்துக்கு ஊற்றுகிற சொதிக் கரண்டியைத் தேடினாள்.

"ஊதிக்கிட்டிருந்த நான் எப்படிட்டி நிறுத்துவேன்?" என்று கத்தினாள் ஜெபக்கனி. "சுத்தினது நீ! உனக்கு அன்னைக்கும் ஒழுகிச்சு, தொடைக்கதுக்குக் கையை எடுத்த, சளிமூக்கி!"

"நான் கையை எடுக்கவே இல்ல! நீ ஊதின காத்துல பாதி பல்லு வழியால்லா போச்சு, அதான் தொங்கிச்சு, ஓட்டப்பல்லி!"

இரண்டு சத்தமும் ஒன்றாக நின்றன.

டம்ளருக்குள்ளே இருந்த மூச்சு ஆசுவாசமாக அடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கீறல் அடிக்கு ஒரு நகக்கண் மேலே அப்படியே நின்றுவிட்டது. அண்ணாச்சியின் தட்டிலிருந்து ஒரு இடியாப்பம் நழுவித் தரையில் விழுந்தது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னட்டி அது?" என்றாள் ஜெபக்கனி, குரல் இறங்கிப் போய்.

"எது?"

"உன் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுக்கிட்டே இருந்து நின்னுச்சே."

"டம்ளரு."

"எந்த டம்ளரு?"

"வேற எந்த டம்ளரு? நீ ஊதினதுதான், நீலம். புளோராக்காதான் இடியாப்ப மாவோட பார்சல்ல வச்சு விட்டுச்சு. அடியில ஒரு காத்துக்குமிழி விட்டிருக்கியே, இதைப் போய் ஊருக்கெல்லாம் குடுத்திருக்க, வெக்கமா இல்ல? பகலு முழுக்க விக்கி என் உசிரை வாங்குது. இங்கன உள்ள அத்தனை பேரு பேரையும் சொல்லிப் பாத்தாச்சு. உன் பேரு ஒண்ணுதான் சொல்லல."

ஜெபக்கனி புளோரா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். புளோரா அக்கா ஏகாம்பரம் சாப்பிட்ட தட்டை இன்றைக்குத்தான் கழுவ வேண்டும் என்கிற மாதிரி எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் ஜெபக்கனி. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை.

"இல்ல. நீ?"

"புட்டு."

"விக்கப்போகுது, தண்ணி குடி." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "உலை எரியுதா?"

"உலையை எவளாவது அணைப்பாளா?"

"அணைச்சிராத. வாரேன். ஆனா வந்ததும், நிறுத்தினது நீதான்னு ஒத்துக்கிடணும்."

"நீ ஒத்துக்கிடு, வா."

சுகிர்தா வந்தாள், ஆட்டோவை விட்டு இறங்கினவள் வீட்டுக்குள்ளே போகாமல் நேராகக் கொட்டகைக்குள் போய், தலையை முடிந்துகொண்டு, குழாயின் ஒரு முனையைப் பிடித்தாள். இந்தத் தடவை எவள் நிறுத்துகிறாள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்காகத் தெரு முழுக்க வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தது, கவுன்சிலர் முன்வரிசை. கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஒருத்தியும் நிறுத்தவில்லை. தீர்ப்புச் சொல்ல முடியாமல் போன வருத்தம் கவுன்சிலருக்கு இன்றைக்கும் உண்டு. இடுப்பு உயரக் குமிழி, கடல் நீலத்தில், வைக்கோல் சுற்றி, ஏகாம்பரம் ஓட்டின காரில் சென்னைக்குப் போனது.

கொஞ்ச நாள் கழித்துக் கண்காட்சியிலிருந்து ரகோத்தமன் போன் பண்ணினார். உலைச் சத்தத்தில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் கேட்காமல், போனைப் புளோரா அக்காதான் எடுத்தாள்.

"என்னம்மா இது, விக்கும்னு சொல்லி விளம்பரம் பண்ணி, ஜனங்க வரிசையில நிக்கறாங்க. வெச்ச நாள்லேருந்து ஒரு விக்கல்கூட இல்லையே? பழுதா?"

புளோரா அக்கா போனைக் கொட்டகைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். உள்ளேயிருந்து "சுத்துட்டி சளிமூக்கி!" என்று ஒரு சத்தமும், "ஊதுட்டி ஓட்டப்பல்லி!" என்று ஒரு சத்தமும், நடுவில் ஏதோ உடைகிற சத்தமும், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தமும் வந்தன.

"கேக்குதாய்யா?" என்றாள் புளோரா அக்கா. "ரெண்டு பேரும் இங்கனதான் கெடக்காவ. அது எதுக்கு விக்கும்?"